வீட்டுக்குள் இருக்கும் கடவுள்

கடந்த ஓராண்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஐந்து நாவல்களை வாசித்து விவாதித்தோம். மெரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004), அதன் இணை நாவலான 'ஹோம்' (2008), சிமமாண்டா எங்கோசி அடிச்சியின் 'பர்ப்பிள் ஹிபிஸ்கஸ்' (2003), ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964), சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). அமெரிக்காவின் ஐயோவா மாநிலம், நைஜீரியாவின் எனுகு நகரம், நம்முடைய தென்கோடித் தமிழ் நிலம் எனக் களங்கள் வேறு வேறு. ஆனால் ஐந்துமே குடும்பக் கதைகள். ஐந்திலும் இறைநம்பிக்கை வீட்டின் தூணாகவோ சுவராகவோ நிற்கிறது. தூணா, சுவரா என்பதுதான் ஓராண்டு முழுக்க எங்களுக்குள் நடந்த வழக்கு.

நாங்கள் ஒன்பது பேர். பாளையங்கோட்டையில் ஒரு நண்பரின் மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறோம். தென்கலை வைணவர் ஒருவர், சைவப் பற்றுள்ளவர்கள் இருவர், தென்னிந்தியத் திருச்சபையினர் இருவர், கத்தோலிக்கர் ஒருவர், இஸ்லாமியரான பள்ளி ஆசிரியை ஒருவர், கடவுள் மறுப்பாளர் ஒருவர், தம் நம்பிக்கை பற்றி எதுவும் சொல்ல விரும்பாதவர் ஒருவர். இக்கட்டுரையை எழுதிய கை ஒன்று. சொல்வது ஒன்பது பேரும்தான். இதில் வரும் சொந்தக் கதைகளைக் கூட்டத்தில் வாசித்துக்காட்டி, உரியவர்களின் சம்மதம் பெற்ற பிறகே வெளியிடுகிறோம்.

*

'கிலியட்' ஒரு நீண்ட கடிதம். ஆண்டு 1956. ஜான் ஏம்ஸ் என்ற எழுபத்தாறு வயதுப் போதகர், இதயநோயால் தன் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டதை அறிந்து, ஏழு வயதை எட்டாத தன் மகன் பெரியவனான பின் படிப்பதற்காக எழுதிவைக்கிறார். 1980இல் வெளியான 'ஹவுஸ்கீப்பிங்' நாவலுக்குப் பின் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ராபின்சன் எழுதிய இரண்டாவது நாவல் இது. 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. தலைப்பிலுள்ள ஊரின் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது. நம் தமிழ் வேதாகமத்தில் அது கீலேயாத்.

முதல் கூட்டத்தில் எங்களைப் பிடித்து நிறுத்தியது இறையியல் எதுவும் அன்று. ஒரு சாப்பாட்டு மேசை. ஏம்ஸின் அண்ணன் எட்வர்ட் படிப்பில் கெட்டிக்காரன். சபையார் காசு திரட்டி அவனைக் கல்லூரிக்கும், பின் ஜெர்மனிக்கும் அனுப்புகிறார்கள், நல்ல போதகனாகத் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில். அவன் நாத்திகனாகத் திரும்புகிறான். முதல் நாள் உணவின்போது தந்தை அவனை ஜெபம் சொல்லச் சொல்கிறார். தன் மனசாட்சி இடங்கொடுக்காது என்று மறுத்துவிடுகிறான். அவ்வளவுதான் நிகழ்ச்சி. யாரும் தட்டை வீசவில்லை, கை ஓங்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் நடுவே அந்த மேசையில் விழுந்த விரிசல் கடைசிவரை மூடவில்லை.

எங்கள் கடவுள் மறுப்பாளர் இந்த இடத்தில் பெரிதும் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு. அவருடைய தந்தை கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் திருநீற்றுக்கும் விளக்குக்கும் இடமில்லை. ஆச்சி மட்டும் முந்தானையில் சிறு பொட்டலமாகத் திருநீறு முடிந்துவைத்திருப்பார். பேரனுக்குக் காய்ச்சல் வந்தால், மகன் வெளியே போனபின் நெற்றியில் இட்டு, அவர் திரும்புமுன் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். "எட்வர்டைப் படிக்கும்போது எங்க ஆச்சி ஞாபகம்தான் வந்தது. மனசாட்சிப்படி நடக்க அந்த வீட்டிலே அவனுக்காவது வாய் இருந்தது" என்றார் நண்பர். அவர் இன்றும் கடவுள் மறுப்பாளர்தான். தந்தையின் கொள்கையில் அவருக்குக் குறையேதுமில்லை. அந்த ஈரத்துணியை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

அதே எட்வர்ட், பின்னொரு நாள் தம்பியோடு பந்து விளையாடி வியர்த்து நிற்கையில், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சகோதரர் ஒருமித்து வாழ்வதன் இனிமையைச் சொல்லும் 133ஆம் சங்கீதத்தைச் சொல்கிறான். நம்பிக்கை போனபின்னும் அதன் மொழி நாவில் தங்கிவிடுகிறது. பிற்காலத்தில் அந்த வீட்டில் விந்தையான திருப்பமும் நிகழ்கிறது. ஜெபம் சொல்லச் சொன்ன தந்தையே எட்வர்டின் வழியில் ஊரையும் சபையையும் விட்டு விலகிப்போகிறார். ஊரிலேயே தங்கி ஊழியத்தைத் தொடர்பவர் இளையவரான ஜான் ஏம்ஸ். தந்தை கொடுத்த நம்பிக்கையை மகன் பற்றிக்கொண்டிருக்க, கொடுத்தவர் கையை எடுத்துவிட்டார். வாரிசுரிமை என்பது இப்படியும் அமையக்கூடும்.

இன்னொரு மேசை எனுகுவில் இருக்கிறது. 'பர்ப்பிள் ஹிபிஸ்கஸ்' நாவலில் பதினைந்து வயதுக் கம்பிலியின் தந்தை யூஜின் தீவிரக் கத்தோலிக்கர். உணவுக்கு முன் அவர் செய்யும் ஜெபம் இருபது நிமிடம் நீளும். தம் தேநீரில் பிள்ளைகளுக்கு ஒரு மிடறு தருவார். அது அன்பின் மிடறு. கொதிக்கும் தேநீர் நாவைச் சுடும். அன்பென்பது சுடும் என்றே அந்தப் பெண் கற்றுக்கொள்கிறாள். பழைய இக்போ வழிபாட்டைக் கைவிடாத தம் தந்தையை யூஜின் வீட்டுக்குள் விடுவதில்லை. பேரப்பிள்ளைகள் அவரைப் பார்க்கப் பதினைந்து நிமிடம்தான் அனுமதி. பிள்ளைகளின் பாதங்களில் வெந்நீர் ஊற்றுகிற அதே மனிதர், இராணுவ ஆட்சியை எதிர்த்துத் துணிந்து பத்திரிகை நடத்துகிறார். ஏழைகளுக்கு அள்ளித் தருகிறார். அடிச்சி அவரை வெறும் கொடியவராக ஆக்கவில்லை. தாம் மாணவராக இருந்தபோது ஒரு பாதிரியார் தம் கைகளைக் கொதிநீரில் முக்கியதை அவரே மகளிடம் சொல்கிறார், அது தம் நன்மைக்கென்று. தண்டனையும் ஒரு பரம்பரைச் சொத்தாக இறங்கிவந்திருக்கிறது.

*

இந்த நாவலை விவாதித்த மாலைதான் எங்கள் வட்டம் உடையப்பார்த்தது. "மதம் வீட்டுக்குள் வந்தால் இப்படித்தான்" என்று ஒருவர் பொதுவாகச் சொல்லிவைத்தார். எங்கள் கத்தோலிக்க நண்பர் அன்று முழுவதும் பேசவில்லை. அடுத்த மாதம் வரவும் இல்லை. அவரைத் தேடிப்போய்க் கேட்டபோது சொன்னார்: "எங்க வீட்டிலேயும் சாயங்கால ஜெபமாலை உண்டு. நீங்க எல்லாரும் என் வீட்டைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

ஏறக்குறைய இதே சங்கடத்தைச் சல்மாவின் நாவலின்போது ஆசிரியையும் சொன்னார். முஸ்லிம் வீடுகளின் உள்ளறைகளை, ராபியா என்ற சிறுமியின் கண்வழியாகவும் அவளைச் சூழ்ந்த பெண்களின் பேச்சு வழியாகவும் திறந்துகாட்டும் நாவல் அது. பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேலியும் ஏக்கமும் அவருக்கு அணுக்கமானவை. சிரித்துச் சிரித்துப் படித்ததாகச் சொன்னார். ஆனால் அதைத் தம் வீட்டாரோடு பேசுவது வேறு, கலந்த கூட்டத்தில் பேசுவது வேறு என்றார். உள்ளிருந்து ஒருத்தி தன் வீட்டைக் குறைசொன்னால் அது மன்றாட்டு. அதே சொல்லை வெளியிலிருப்பவர் எடுத்துக்கொண்டால் அது சாட்சியமாகிவிடுகிறது. நாவலாசிரியர் அந்த அபாயத்தை அறிந்தே எழுதுகிறார். வாசகர்களுக்கும் அதில் ஒரு பொறுப்பு உண்டு.

அன்று ஒரு விதி செய்துகொண்டோம். அவரவர் தம் வீட்டைப் பற்றி எதையும் பேசலாம். பிறருடைய வீட்டைப் பற்றிப் பேசவேண்டுமானால், நாவலின் பக்கத்தைக் காட்டித்தான் பேசவேண்டும். எளிய விதிதான். ஆனால் இதற்குப்பின் எங்கள் பேச்சின் போக்கே மாறியது. "கிறிஸ்தவர்கள்", "முஸ்லிம்கள்", "இந்துக்கள்" என்று தொடங்கும் வாக்கியங்கள் குறைந்தன. "எங்கள் வீட்டில்" என்று தொடங்குபவை பெருகின.

இந்த விதியின் பயன் 'புத்தம் வீடு' நாவலில் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா எழுதிய இந்த நாவலை, கிறிஸ்தவ வாழ்க்கையைச் சித்திரிக்கும் நாவல் என்று சொல்லிவைத்திருக்கிறோம். பக்கங்களைப் புரட்டித் தேடினால், லிஸிக்கும் பனையேறும் குடும்பத்துத் தங்கராஜுக்கும் இடையில் நிற்பது வேதம் அன்று. வீட்டின் அந்தஸ்து, நொடித்துப்போன குடும்பத்தின் பழம்பெருமை, வயதுக்கு வந்த பெண்ணை வாசலுக்குள் நிறுத்தும் வழக்கம் ஆகியவைதான். திருச்சபை நண்பர் ஒருவர் சொன்னார், "ஞாயிற்றுக்கிழமை கோவிலிலே நாங்க ஒரே சபை. திங்கட்கிழமை கல்யாணப் பேச்சு வந்தா வேற வேற." சைவ நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் எல்லா வீடுகளும் அடக்கம்.

*

வீட்டுக்குள் வரும் நம்பிக்கையின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. ஏம்ஸின் பாட்டனார் அடிமை முறையை எதிர்த்துக் கான்சஸில் போராடியவர். உள்நாட்டுப் போரில் ஒரு கண்ணை இழந்தவர். சங்கிலியால் பிணைக்கப்பட்ட கிறிஸ்துவைக் காட்சியில் கண்டவர். கேட்பவருக்கெல்லாம் வீட்டிலுள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார். மருமகள் சில்லறைக் காசைக்கூட ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால் சிரிக்க முடியவில்லை.

சைவ நண்பர் இளையான்குடி மாற நாயனாரை நினைவுபடுத்தினார். மழையிரவில் வந்த அடியாருக்கு அமுது படைக்க, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்தவர் அவர். பெரிய புராணத்தில் அந்த வழியைச் சொல்பவரே மனைவியார்தான். ஒருத்தி விதைநெல்லை எடுத்துவரச் சொல்கிறாள். இன்னொருத்தி காசை ஒளிக்கிறாள். யார் பக்கம் நிற்பது? எங்கள் கூட்டத்துப் பெண்கள் மூவரும் ஏம்ஸின் தாய் பக்கம் நின்றார்கள். சைவ நண்பர் அடுத்த கூட்டத்தில் சொன்னார்: இக்கேள்வியைத் தம் மனைவியாரிடம் கேட்டாராம். "விதைநெல்லு எடுத்த மறுவருஷம் என்ன சாப்பிட்டாங்கன்னு உங்க புராணத்துல இருக்கா?" என்று பதில் வந்ததாம்.

*

இனி ஜாக்குக்கு வரவேண்டும். ஏம்ஸின் உயிர்த்தோழர் ராபர்ட் பௌட்டன், பிரஸ்பிடேரியன் போதகர். அவருடைய மகன் ஜாக். ஏம்ஸின் பெயரையே முழுப்பெயராகச் சூட்டி வளர்க்கப்பட்டவன். இளமையில் ஓர் ஏழைப் பெண்ணைக் கருவுறச் செய்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவன். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் நரைத்துத் திரும்பிவருகிறான். இரு நாவல்களும் ஒரே கோடைகாலத்தின் கதைகள். 'கிலியட்' ஏம்ஸின் வீட்டிலிருந்தும், 'ஹோம்' பௌட்டனின் வீட்டிலிருந்தும் சொல்கின்றன. பின்னதில் முப்பத்தெட்டு வயதான இளைய மகள் குளோரியின் பார்வையே துணை.

திண்ணைப் பேச்சில் ஜாக் ஒரு கேள்வி கேட்கிறான். சிலர் கெடுவதற்கென்றே விதிக்கப்பட்டவர்களா? அவன் தர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. தன்னைப் பற்றித்தான் கேட்கிறான். இரண்டு போதகர்களும் நூல்களில் படித்ததைச் சொல்லி நழுவுகிறார்கள். எங்கள் வைணவ நண்பர் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். "ஜாக் பூனைக்குட்டி. தாய் ஏன் இன்னும் கவ்வலைன்னு கேக்கறான்" என்றார். கால்வினின் முன்குறிப்புக் கோட்பாடும் இதுவும் ஒன்றல்ல என்று திருச்சபை நண்பர் மறுத்தார். அது உண்மையே. ஆனாலும் அந்தக் குட்டியின் அழுகை எல்லோருக்கும் கேட்டது. நாவலில் அதற்குப் பதில் சொல்பவள் ஏம்ஸின் இளம் மனைவி லைலா. படிப்பில்லாதவள், அலைந்து திரிந்து வளர்ந்தவள். மனிதர் மாற முடியும், எல்லாமே மாற முடியும் என்கிறாள். ஜாக்குக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஜாக் மறைத்துவைத்த செய்தி ஒன்றுண்டு. செயின்ட் லூயிஸில் அவனுக்கு டெல்லா என்ற கறுப்பினப் பெண்ணோடு குடும்பமிருக்கிறது. ஒரு மகனும் இருக்கிறான். டெல்லாவும் ஒரு போதகரின் மகள்தான். மிசோரி மாநிலச் சட்டம் அவர்களைக் கணவன் மனைவி என ஏற்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்களை நீக்கியது 1967இல்தான். ஐயோவாவில் அப்படியொரு சட்டம் அப்போது இல்லை. கிலியட்டில் வந்து வாழ முடியுமா என்று பார்க்கவே அவன் வந்திருக்கிறான். ஆனால் அந்த ஊரிலும் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் முன்பொரு முறை தீ வைக்கப்பட்டு, அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். ஏம்ஸ் அதைச் சிறிய தீ என்றே நினைவுகூர்கிறார். அடிமைகளுக்காகக் கண்ணைக் கொடுத்தவரின் பேரன்! நம்பிக்கை மூன்று தலைமுறையில் எவ்வளவு மென்மையாகிவிட்டது, எவ்வளவு மறந்துவிட்டது என்பதை ராபின்சன் உரக்கச் சொல்வதில்லை. அந்த 'சிறிய தீ' என்ற சொல்லில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஜாக் ஊரைவிட்டுப் போகையில் இரண்டு விடைபெறல்கள் நிகழ்கின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் அவன் நெற்றியில் கைவைத்து ஏம்ஸ் ஆசீர்வதிக்கிறார். இது 'கிலியட்'. வீட்டில், சாகக் கிடக்கும் தந்தையிடம் ஜாக் கையை நீட்டுகிறான். வாழ்நாளெல்லாம் கிருபையைப் பற்றியே பிரசங்கித்த பௌட்டன், தம் கையை மடிக்கு இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது 'ஹோம்'. ஏம்ஸின் கடிதத்தில் இந்தக் கை இல்லை. அவருக்கு அது தெரியாது. 'கிலியட்'டை மட்டும் படித்து நிறைவோடு மூடிவைத்த எங்களுக்கு இரண்டாவது நாவல் பெரும் அடியாக இருந்தது.

அது நாவலின் தோல்வி என்றார் ஒருவர். அத்தனை அன்பு செய்த கிழவர் இப்படிச் செய்யமாட்டார் என்பது அவர் வாதம். அதுவரை எதுவும் சொல்லாதிருந்த ஒன்பதாம் நண்பர் அப்போதுதான் பேசினார். வேற்று மதத்துப் பெண்ணை மணந்ததால் பதினோரு ஆண்டுகள் அவர் வீட்டுப்படி ஏறவில்லை. தந்தைக்கு உடல்நிலை மோசமானபோது தகவல் வந்தது. போனார். கட்டிலருகே உட்கார்ந்து கையைத் தொட்டார். தந்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். "அது கோபமா, களைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் புத்தகத்திலும் தெரியவில்லை. அது தெரியாமல் எழுதியிருப்பதால்தான் இது உண்மை" என்றார். அதற்குமேல் அன்று விவாதம் நடக்கவில்லை. காபி வந்தது. குடித்துவிட்டுக் கலைந்தோம்.

*

ஐந்து நாவல்களையும் படித்து முடித்தபின் எங்களுக்குத் தெளிவானது இதுதான். குழந்தைக்குக் கடவுள் முதலில் ஒரு முகமாகத்தான் அறிமுகமாகிறார். அது பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒருவரின் முகம். பின்னாளில் கடவுளை ஏற்பதும் மறுப்பதும் அந்த முகத்தோடு நடத்தும் வழக்காகவே பாதி நின்றுவிடுகிறது. மதத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ இத்தகைய நாவல்களைச் சாட்சிக்கு அழைப்பது வீண். அந்த முகத்தையும் அதன் பின்னால் இருப்பதையும் பிரித்துப் பார்க்க ஓர் இடைவெளியை அவை உண்டாக்கித் தருகின்றன. அடிச்சியின் நாவலில் அந்த இடைவெளி ஒரு விடியற்காலையில் கிடைக்கிறது. ஊன்சூக்காவில் அத்தை இஃபியோமாவின் வீட்டில், தாத்தா காலைவேளையில் தம் தெய்வங்களை வணங்குவதைக் கம்பிலி ஒளிந்திருந்து பார்க்கிறாள். தம்மை வீட்டில் சேர்க்காத மகன் யூஜினுக்காகவும் அந்தக் கிழவர் நலம் வேண்டுகிறார். அஞ்ஞானி என்று அவளுக்குச் சொல்லப்பட்டவர் அவர்.

ஒரே ஒரு கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. நம்பிக்கையற்ற வீட்டைப் பற்றி இவ்வளவு பரிவோடு ஒரு நாவல் தமிழில் எழுதப்பட வேண்டும், ஆச்சியின் முந்தானை முடிச்சோடும் அப்பாவின் கறுப்புச் சட்டையோடும், என்கிறார் கடவுள் மறுப்பாளர். அதை நீங்களே எழுதலாமே என்கிறோம். பார்க்கலாம்.

கத்தோலிக்க நண்பர் திரும்பிவந்துவிட்டார். அவர் வீட்டில் மாலை ஜெபமாலை தொடர்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனை மட்டும் இப்போது கூப்பிடுவதில்லையாம். முன்னறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தொடங்கிவிடுகிறார்களாம். சில நாள் பையன் வந்து உட்காருகிறான், சில நாள் மாடியில் பாட்டுக் கேட்கிறது. அடுத்து ராபின்சனின் 'லைலா' (2014), 'ஜாக்' (2020) இரண்டையும் எடுத்திருக்கிறோம்.